ஒன்பதாவது வளைவில் பார்த்த டயர்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூலை மாதம், விட்டுவிட்டுத் தூறல். இருபத்துச் சொச்சம் எண் போட்ட வளைவு ஒன்றில் வண்டியைச் சாய்த்தபோது பின்சக்கரம் ஒரு சாண் அளவுக்கு வெளியே வழுக்கிப் போய், மறுபடி சாலையைப் பிடித்தது. விழவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி என் தோளைப் பற்றிய பிடி கீழே வந்து சேரும்வரை தளரவில்லை. ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை முழுதாகத் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் அணையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து பின் டயரைப் பார்த்தேன்.

நடுப்பகுதி பலகை போலத் தட்டையாக இருந்தது. இரண்டு ஓரத்துப் பள்ளங்களும் புதிது போலவே ஆழமாக இருந்தன. தேய்மானத்தைக் காட்டும் சின்ன மேடுகள் பள்ளத்துக்குள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துதான் கிடந்தன. அதை நம்பித்தான் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பியிருந்தேன்.

அந்த டயர் 13,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதில் பெரும்பகுதி மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் நேர்கோட்டு ஓட்டம். மோட்டார் சைக்கிள் டயரின் முகம் கார் டயர் போலத் தட்டை அல்ல, வளைந்தது. வண்டி சாயச் சாய ஓரம் தரையைத் தொடவேண்டும் என்பதற்காக அந்த வளைவு. நேர்ச்சாலையிலேயே ஓடினால் நடு மட்டும் தேய்ந்து, தட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு விளிம்பு எழுந்துவிடுகிறது. திருப்பத்தில் வண்டி அந்த விளிம்பின் மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. முதலில் சாய மறுக்கும், பிறகு சட்டென்று சரியும். இந்தக் குணத்தை நான் பல வாரமாக உணர்ந்துகொண்டுதான் இருந்தேன். கைப்பிடியைத் திருப்பும் கோன்செட் போய்விட்டதோ என்று மெக்கானிக்கிடம் இரண்டு முறை காட்டினேன். அவரும் இறுக்கித் தளர்த்திப் பார்த்தார். டயர் என்று இருவருக்குமே தோன்றவில்லை. இப்போது மாதம் ஒருமுறை வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, டயரின் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்காக வைத்துத் தடவிப் பார்க்கிறேன். விளிம்பு கையில் தட்டுப்பட்டால், பள்ளம் எவ்வளவு மீதமிருந்தாலும், மலைக்கு அந்த டயரோடு போவதில்லை.

என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. ஸ்போக்ஸ் வைத்த ரிம், உள்ளே டியூப். இதற்கு முன்னால் ஒருமுறை டயர் மாற்றியபோது பெரிய தவறு செய்தேன். அந்த வருஷம் லடாக் போவது என்று முடிவாகியிருந்தது. கல்லும் மணலும் கடக்க வேண்டுமே என்று இரண்டு சக்கரத்துக்கும் பட்டன் டயர் போட்டுவிட்டேன். வீட்டுச் சூழ்நிலையில் பயணம் தள்ளிப்போனது. பட்டன் டயர் மட்டும் மதுரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டினால் ஒரே இரைச்சல். கட்டை கட்டையாக நிற்கும் ரப்பருக்குத் தார்ச்சாலையில் தொடும் பரப்பு குறைவு. ஒவ்வொரு கட்டையும் வளைந்து நிமிர்ந்து சூடாகித் தேயும். 6,000 கிலோமீட்டரில் பின் டயர் முடிந்துவிட்டது. மழையில் சிமென்ட் சாலையில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

வால்பாறையிலிருந்து திரும்பிய இரவு, கடைக்குப் போவதற்கு முன், ஒரு நோட்டை எடுத்து முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எங்கெங்கே ஓட்டினேன் என்று எழுதினேன். பெட்ரோல் கணக்கு வைத்திருந்ததால் எளிதாக இருந்தது. மொத்தம் 11,400 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை 8,000. கொல்லிமலை, போடிமெட்டு, வால்பாறை போன்ற மலைச்சாலையும் மாவட்டச் சாலையும் சேர்ந்து 2,600. மண், சரளை என்று பார்த்தால் 800. நூற்றுக்கு ஏழுதான். டயர் கடையில் எண்பது இருபது, ஐம்பது ஐம்பது என்று சொல்வார்கள். முதல் எண் சாலைக்கு, இரண்டாவது மண்ணுக்கு. என் நோட்டு எனக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டது: சாலைக்கு எண்பது, மண்ணுக்கு இருபது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்காது. ஆனால் நான் போகிற சாலைக்கான டயர் அதுதான். டயர் வாங்க நினைக்கும் யாரும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். போக ஆசைப்படும் ஊருக்கு அல்ல, போய்க்கொண்டிருக்கும் ஊருக்கு டயர் வாங்க வேண்டும்.

ஆயுளைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தேன். கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். மிருதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் கரையும். இரண்டு டயருக்கு நடுவே 1,500 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு 11,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்குப் பதினான்கு பைசா கூடத் தேறாது. மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மழையில் மலையிறங்குகிறவனுக்கு அந்தப் பதினான்கு பைசா பெரிதில்லை.

கடையில் நடந்தது இது. “அண்ணே, பின்னாடிக்கு 120 இப்ப ஸ்டாக் இல்ல. 110 போட்டுத் தரவா? அதே பதினேழுதான், ரிம்முல கச்சிதமா உக்காரும்” என்றார் கடைப்பையன். உட்காரும்தான். பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன்: 110/90-17 60பி. என் வண்டிக்கு உரியது 120/90-17 64எஸ். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், மூன்றாவது ரிம்மின் அங்குலம். இதுவரை பலருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது சுமைக் குறியீடு. 64 என்றால் அந்த டயர் 280 கிலோ வரை தாங்கும். 60 என்றால் 250 கிலோ. கடைசி எழுத்து வேகம்: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், பி என்றால் 150.

வேகம் எனக்குப் பொருட்டல்ல, நான் நூறைத் தொடுவதே அபூர்வம். சுமைதான் கணக்கு. வண்டி சுமார் 200 கிலோ, அதில் பாதி பின்சக்கரத்தில் என்று வைத்தால் 100. நான் 80 கிலோ, அதில் ஐம்பத்தைந்து கிலோவாவது பின்னால் இறங்கும். மனைவி 60 கிலோ, ஏறக்குறைய முழுவதும் பின்சக்கரத்தின் மேலே. மூட்டை முடிச்சு 30. கூட்டினால் 245. 250 தாங்கும் டயரில் 245 கிலோவை ஏற்றிக்கொண்டு, மே மாத வெயிலில், பள்ளத்தில் இறக்கி ஏற்றி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாள் காத்திருந்து 120ஐயே வரவழைத்தேன். அன்றுதான் ஒரு விஷயம் மனதில் பதிந்தது. வண்டியில் நான் மாட்டுகிற பெட்டி, கம்பி, விளக்கு எல்லாமே கடைசியில் போய் நிற்பது இந்த ரப்பரின் மேல்தான்.

டயர் வந்ததும் தேதியைப் பார்த்தேன். டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாவது வாரம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் காய்ந்து இறுகும், அதிலும் தகரக் கூரை போட்ட குடோனில். முன்பு ஒரு கடையில் எழுநூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்ன டயர் மூன்று வருஷம் பழையது. ஒரு வருஷத்துக்கு மேல் பழைய டயரை நான் வாங்குவதில்லை.

முன் டயரையும் சேர்த்து மாற்றவேண்டுமா என்று கேட்பார்கள். என் வண்டியில் பின்னால் இரண்டு தேயும்போது முன்னால் ஒன்று தேய்கிறது. ஒரே மாதிரிப் பள்ளம், ஒரே வகைக் கட்டுமானம் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்கிறேன். ரேடியலையும் சாதா டயரையும் முன்னும் பின்னுமாகக் கலப்பது வண்டி செய்தவர்கள் சொன்னால் ஒழியக் கூடாது.

நல்ல டயர் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. மாட்டுவது மீதிப் பாதி. புது டயரோடு திருச்சிப் பக்கம் கிளம்பினேன். மதுரையை ஒட்டி, வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர டயர் செய்யும் பெரிய தொழிற்சாலையே இருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டி நெருங்கும்போது வண்டியின் பின்பக்கம் பாம்பு போல நெளிய ஆரம்பித்தது. டியூப் டயரில் காற்று பெரும்பாலும் மெதுவாக இறங்காது. பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, நேராகப் பிடித்து ஓரம் கட்டினேன். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடையில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார்.

டியூபை வெளியே எடுத்து விரலால் தடவினார். “ஆணியும் இல்ல, முள்ளும் இல்ல தம்பி. மாட்டுறப்ப லிவரால கடிச்சு வச்சிருக்காய்ங்க. பழைய டியூப வேற போட்டுருக்காய்ங்க. நீட்டு விழுந்து மடிப்பு விழுந்திருக்கு, பாருங்க.”

புது டயருக்குப் புது டியூப் என்று நான் கேட்டு வாங்காதது என் பிழை. பழைய டியூப் ஓடி ஓடிப் பெருத்திருக்கும். புது டயருக்குள் அடங்காமல் மடியும். மடிந்த இடம் உரசி ஓட்டை விழும். ஸ்போக்ஸ் முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும், அதையும் பார்த்து மாற்றிவிட வேண்டும். பெரியவர் மாட்டிய விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி, உருண்டையாக நிற்கும்படி செய்தார். பவுடர் தூவினார். டயர் விளிம்பை, காற்று ஏற்றும் மவுத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளத் தொடங்கி, மவுத் இருக்கும் இடத்தில் முடித்தார். “எதுத்தாப்புல இருக்க விளிம்பு ரிம்மோட பள்ளத்துல இறங்குனாத்தான் இங்கன லூசு கிடைக்கும். பலம் போட்டா டியூப் போயிரும்” என்றார். முடித்ததும் மவுத்தை ஒரு முறை உள்ளே அமுக்கிவிட்டார், அடியில் டியூப் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. காற்று ஏற்றிய பிறகு சக்கரத்தைச் சுற்றி, டயரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். சுழலும் திசைக்கான அம்புக்குறியைப் பார்த்தார். இந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

புது டயரின் மேல் மெழுகு பூசினாற்போல ஒரு வழுவழுப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை பலமாகச் சாய்க்காமலும் திடீர் பிரேக் இல்லாமலும் ஓட்டுகிறேன்.

காற்றைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைத்துப் பிடிப்பது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். நானும் செய்திருக்கிறேன். உண்மையில் காற்று குறைந்தால்தான் டயரின் பக்கச்சுவர் அதிகம் நசுங்கி நிமிர்ந்து, அதிகம் சூடாகும். சுமை ஏறினால் காற்றும் ஏற வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் தனியாள், இரண்டு பேர் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மதியம் ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. சொந்தமாக ஓர் அளவி வாங்கி வைத்துக்கொண்டேன். பங்க் அளவிக்கும் அதற்கும் ஐந்து பிஎஸ்ஐ வரை வேறுபாடு பார்த்திருக்கிறேன்.

இனி பெட்டி. நான் முதலில் வாங்கியது பின்னால் மாட்டும் 45 லிட்டர் பெட்டி. ஹெல்மெட் வைக்கலாம், பூட்டலாம், மழை உள்ளே போகாது. வசதி கண்டு ஸ்பேனர், செயின் ஆயில், தண்ணீர் என்று கனமானதையெல்லாம் அதிலேயே போட்டேன். ஒரு ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தேன். முப்பந்தலில் காற்றாலைகள் எதற்காக அத்தனை நிற்கின்றன என்பது அன்றைக்கு உடம்புக்குத் தெரிந்தது. பக்கக் காற்றில் வண்டியின் வால் ஆட, கைப்பிடி அதற்குப் பதில் சொல்வது போல ஆட ஆரம்பித்தது. அந்தப் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் நிற்கிறது. அதில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் போல முன்சக்கரத்தை மேலே தூக்குகிறது. முன்சக்கரம் லேசானால் கைப்பிடி நம் பேச்சைக் கேட்காது.

வீடு திரும்பியதும் இடம் மாற்றினேன். கனமானவை டேங்க்கின் இருபுறமும் உள்ள இரும்புச் சட்டத்திலும், பக்கப் பைகளின் அடியிலும். பின்பெட்டியில் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, சாப்பாடு மட்டும். பக்கப் பைகள் இரண்டையும் தூக்குத் தராசில் மாட்டி எடை பார்க்கிறேன், ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இல்லாமல். என் வண்டியில் சைலன்சர் வலப்பக்கம் உயர்ந்து போகிறது. அந்தப் பக்கத்துத் துணிப்பை முதல் பயணத்திலேயே அடியில் பொசுங்கிவிட்டது. பையைத் தள்ளிப் பிடிக்கும் கம்பிச் சட்டம் இல்லாமல் துணிப்பை வாங்காதீர்கள். பைக்கு வெளியே போடும் மழை உறை வேகத்தில் பலூன் போல உப்பிக் கழன்று சக்கரத்தைத் தேடும். உள்ளே ஒரு நீர் புகாத பையை வைத்துத் துணியைச் சுருட்டிப் போடுவது மேல். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றையும் விட்டுவிட்டேன். கொக்கி நழுவினால் கயிறு செயினில்தான் போய்ச் சுற்றும். பக்கிள் வைத்த பட்டை வாங்கிக்கொண்டேன்.

கூடுதல் விளக்கு தேவைதான், ஆனால் மாட்டுகிறவர் முக்கியம். எனக்கு முதலில் மாட்டியவர் ஹெட்லைட் ஒயரையே உரித்து அதிலிருந்து இழுத்துவிட்டார். நத்தம் சாலையில் இரவு எட்டு மணிக்கு ஒயர் உருகி, ஹெட்லைட்டும் சேர்ந்து அணைந்தது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், நடுவே ஃபியூஸ், ஒரு ரிலே. இந்த மூன்றும் இல்லாமல் விளக்கு மாட்டவே கூடாது. எதிரே வருகிறவர் கண்ணில் படாதபடி கீழே சாய்த்து வைப்பதும், ஊருக்குள் அணைத்துவிடுவதும் நம் கடமை. கிராமத்துச் சாலையில் விளக்கே இல்லாமல் சைக்கிளில் வருகிற மனிதருக்கு நம் வெளிச்சம் கண்ணைக் கட்டிவிடும்.

லெக் கார்டு வாங்கும்போது அது வண்டியின் சட்டத்தில் எத்தனை இடத்தில் போல்ட் ஆகிறது என்று பாருங்கள், குழாயின் பளபளப்பை அல்ல. காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் மழையில் அதற்கு மேலாகச் சாலை தெரியும். போன் பிடிப்பானில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. மற்றபடி நிறம் பூசிய லிவர், ஸ்டிக்கர், மாற்று சைலன்சர் எதிலும் எனக்கு நாட்டமில்லை. அந்தப் பணம் இருந்தால் நல்ல ஹெல்மெட்டுக்கும் கையுறைக்கும் போகட்டும்.

கடைசியாக, சீட்டுக்கு அடியில் இருப்பவை. இரண்டு டயர் லிவர், அச்சைக் கழற்றும் அளவிலான ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மெஷின். டியூப் ஒன்றே ஒன்று, முன்சக்கரத்து 21 அங்குல டியூப். ஆபத்துக்கு அதைப் பின் டயரிலும் திணித்து அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்விடலாம். 17 அங்குல டியூப் முன்னால் சேராது.

இவற்றை வாங்கி வைத்தால் போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றினேன். முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஆனது, லிவரால் ஒரு டியூபைக் கடித்தும் வைத்தேன். பெரியவர் காட்டியபடி மவுத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இப்போது ஒவ்வொரு நெடும்பயணத்துக்கும் முந்தின வாரம் ஒருமுறை கழற்றி மாட்டிவிடுகிறோம். மனைவி விளிம்பை முழங்காலால் அமுக்கிப் பிடிக்க, நான் லிவரைப் போடுகிறேன். போன மாதம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.